பிளாக்பெர்ரியின் பூட்டு எங்கே இருந்தது?

கேள்வி இது: "அப்பா வேலையில் இருந்தபோது வைத்திருந்த பிளாக்பெர்ரி 7230 மேசை இழுப்பறையில் கிடைத்தது. கேமரா கிடையாது, ப்ளூடூத் கிடையாது, வைஃபை கிடையாது. இதைப் போய் ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள்? மெயிலுக்கு இதைவிடப் பாதுகாப்பான போன் இல்லை என்பார்களே, அது உண்மையா, விளம்பரமா?"

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

2000களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்த்தவன் நான். பிளாக்பெர்ரி சர்வரும் அந்த மந்தையில் ஒன்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் கையில் இருப்பது மொத்த விஷயத்தில் ஒரு சின்னத் துண்டு. மீதி, அப்பாவின் அலுவலகத்தில் குளிரூட்டப்பட்ட ஏதோ ஓர் அறையில் இருந்தது. போனை மட்டும் பார்த்தால் இதன் பெருமை யாருக்குமே புரியாது.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ என்று ஓர் ஊர். அங்கே மைக் லாசரிடிஸும் டக்ளஸ் ஃப்ரெகினும் 1984-இல் தொடங்கியதுதான் ரிசர்ச் இன் மோஷன், சுருக்கமாக ரிம். போன் செய்து வளர்ந்த கம்பெனி இல்லை. பேஜர், அதாவது குறுஞ்செய்தி மட்டும் காட்டும் சின்னக் கருவி, செய்து வளர்ந்தது. 1996-இல் பதில் அனுப்பக்கூடிய இருவழிப் பேஜரைக் கொண்டுவந்தார்கள். 1999-இல் பிளாக்பெர்ரி என்ற பெயரில் வந்த 850-உம் பார்ப்பதற்குப் பேஜர்தான். அதில் பேச முடியாது, மெயில் மட்டும். உள்ளே இன்டெல் 386 சிப். ஒரே ஒரு டபுள்-ஏ பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும், கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே பேட்டரி.

இந்தப் பேஜர் பிறப்பை மறக்காதீர்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அந்தக் காலத்து மொபிடெக்ஸ் என்ற ரேடியோ நெட்வொர்க்கில் ஒரு பொட்டலத்தில் 512 பைட்தான் அனுப்ப முடியும். வேகம் நொடிக்கு 8,000 பிட். இன்று நீங்கள் அனுப்பும் ஒரு ஸ்டிக்கர் அதில் போய்ச் சேர ஒரு நிமிடம் பிடிக்கும். அப்படிப்பட்ட ஒற்றையடிப் பாதையில் பழகியவர்கள் என்பதால், ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் சுபாவம் ரிம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. 2002-இல் 5810 வந்தபோதுதான் பிளாக்பெர்ரியில் பேச முடிந்தது, அதுவும் இயர்போன் மாட்டினால் மட்டும். அடுத்த ஆண்டு வந்த உங்கள் அப்பாவின் 7230-இல் கலர் திரையும் வந்துவிட்டது: 240-க்கு 160 புள்ளிகள், 16 எம்பி நினைவகம். ஜிபிஆர்எஸ் என்ற அன்றைய மெதுவான மொபைல் டேட்டாவில் ஓடும். இந்தியாவில் ஏர்டெல் 2004-இல் பிளாக்பெர்ரி சேவையைத் தொடங்கியது.

இனி அது செய்த வேலை. அப்போது மற்ற கைக்கருவிகளில் மெயில் பார்ப்பது, ரேஷன் கடைக்குத் தினமும் நடந்து "சர்க்கரை வந்தாச்சா?" என்று கேட்பது மாதிரி. கால் மணிக்கு ஒருமுறை சர்வரோடு தொடர்பு கொண்டு, "ஏதாவது வந்ததா?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் வந்திருக்காது. கேட்டுக் கேட்டே பேட்டரி தீர்ந்துவிடும், கூடவே டேட்டா பில் ஏறும். பிளாக்பெர்ரி கேட்கவே கேட்காது. சும்மா படுத்திருக்கும். மெயில் வந்தால் அதுவே வந்து எழுப்பும்.

எப்படி? அலுவலகத்தில் பிளாக்பெர்ரி எண்டர்பிரைஸ் சர்வர் என்று ஒரு மென்பொருள் ஓடும். நாங்கள் 'பெஸ்' என்போம். எக்ஸ்சேஞ்ச் அல்லது லோட்டஸ் டொமினோ மெயில் சர்வருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பயனர்களின் அஞ்சல்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. மெயில் விழுந்ததும் முதல் 2 கேபி அளவை மட்டும் கிள்ளி எடுக்கும், சுருக்கும், பூட்டும் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றும்), கனடா கம்பெனியின் ரிலே மையத்துக்கு அனுப்பும். அந்த மையத்துக்கு எந்தப் போன் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்பது தெரியும், அங்கே தள்ளிவிடும். போன் அதைத் திறந்து, 'கிடைத்தது' என்று பதில் அனுப்பியதும் மூலையில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். மேசையில் இருக்கும் கணினியில் அவுட்லுக் மெயிலைக் காட்டுவதற்கு முன்பே இடுப்பில் போன் அதிரும். இதைப் பார்த்து அசந்துபோன மேலாளர்கள் எங்களிடம் வந்து, "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு, மெயில் லேட்டா வருது" என்று புகார் சொன்னதுண்டு.

மெயில் நீளமாக இருந்தால், படித்துக் கீழே போகப் போக மீதி வரும். அட்டாச்மென்ட் விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனம். 5 எம்பி எக்செல் கோப்பைப் போனுக்கு அனுப்பவே மாட்டார்கள். சர்வரிலேயே திறந்து, போன் கேட்கிற பகுதியை மட்டும் எளிய வடிவமாக மாற்றி அனுப்பும் ஒரு சேவை பெஸ்ஸில் இருந்தது. அந்தக் குட்டித் திரையில் ஒரு பட்டியலின் நாலு கட்டம்தான் ஒரு நேரத்தில் தெரியும், ஆனாலும் விமான நிலையத்தில் நிற்கும் ஒருவருக்கு அந்த நாலு கட்டம் போதும். போனில் படித்த மெயில் அலுவலகத்திலும் படித்ததாக மாறிவிடும். இன்று இதெல்லாம் சாதாரணம். அன்று நாங்கள் இதைச் செய்து காட்டினால் வாயைப் பிளப்பார்கள்.

சரி, பூட்டுக்கு வருவோம்.

ஒவ்வொரு போனுக்கும் ஒரு முதன்மைச் சாவி. அது இரண்டே இடத்தில் இருக்கும்: போனுக்குள்ளும், நிறுவனத்தின் சொந்த சர்வரிலும். ரிம் கம்பெனியிடம் இருக்காது, ஏர்டெல்லிடமும் இருக்காது. ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக ஒரு தற்காலிகச் சாவியை உருவாக்கி, செய்தியை அதனால் பூட்டி, அந்தத் தற்காலிகச் சாவியை முதன்மைச் சாவியால் பூட்டி, இரண்டையும் சேர்த்து அனுப்புவார்கள். ஆரம்பத்தில் டிரிபிள் டெஸ் என்ற முறை, பெஸ் 4.0 வந்தபோது 256 பிட் ஏஇஎஸ். இடையில் இருக்கும் ரிலே மையம், கடல் கடந்த வயர்கள், டவர் எல்லாவற்றுக்கும் உறை மட்டுமே தெரியும், உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது.

அந்த முதன்மைச் சாவியை உருவாக்கிய விதம்தான் எனக்குப் பிடித்த காட்சி. போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, டெஸ்க்டாப் மென்பொருளைத் திறந்தால், "மவுஸைத் தாறுமாறாக அசையுங்கள்" என்று ஒரு பெட்டி வரும். அசைக்க அசைக்க ஒரு பட்டை நிரம்பும். கை நடுக்கத்தில் வரும் ஒழுங்கின்மையை வைத்துத்தான் யாரும் ஊகிக்க முடியாத ஒரு சாவியைச் சமைத்தார்கள். கோட் சூட் போட்ட நிதித்துறை அதிகாரி, மாவு சலிக்கிற மாதிரி மவுஸை மேசையில் ஆட்டிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் சார்" என்பேன். 4.0-க்குப் பிறகு கேபிளே வேண்டாம், ஒரு பாஸ்வேர்டு சொன்னால் போதும், காற்றிலேயே சாவி மாறிக்கொள்ளும் என்று ஆகிவிட்டது. வேலை மிச்சம்தான், ஆனால் அந்தக் காட்சி போய்விட்டது.

வெளியில் அதிகம் பேசப்படாத இன்னொரு அம்சம்தான் எங்களைப் போன்ற சர்வர் ஆட்களின் மனதைக் கவர்ந்தது. வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைய ஃபயர்வாலில், அதாவது நிறுவன நெட்வொர்க்கின் காவல் சுவரில், ஓட்டை போடத் தேவையில்லை. பெஸ் உள்ளிருந்து வெளியே 3101 என்ற எண் கொண்ட ஒரே ஒரு போர்ட், அதாவது ஒரே ஒரு வாசல் வழியாக ரிலே மையத்தோடு தொடர்பை ஏற்படுத்தி, அதைத் திறந்தே வைத்துக்கொள்ளும். போக்குவரத்து எல்லாம் அதன் வழியே. கதவை உள்ளே இருப்பவர்தான் திறக்க முடியும். பாதுகாப்புத் தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்து அதிகம் கேள்வி கேட்க மாட்டார்கள். வங்கிகளும் அரசாங்கங்களும் பிளாக்பெர்ரியை ஏற்றுக்கொண்டதற்குப் போனின் அழகைவிட இந்த வரைபடம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இப்போது மறுபாதி. பூட்டு எதுவரை? அலுவலக சர்வரிலிருந்து போன் வரை. அவ்வளவுதான். அப்பா போனிலிருந்து வேறொரு கம்பெனிக்காரருக்கு மெயில் அனுப்பினால், அது பூட்டோடு அலுவலகம் வரை போய், அங்கே திறக்கப்பட்டு, அதன்பின் மற்ற மெயில்களைப் போலவே அன்றைய இணையத்தில் தபால் அட்டையாகப் பயணம் போகும். இன்று வாட்ஸ்ஆப்பில் இருப்பது போல அனுப்புபவரிடமிருந்து பெறுபவர் வரையான பூட்டு இல்லை அது. வேண்டுமென்றால் அப்படிப் பூட்ட எஸ்/மைம் என்ற கூடுதல் ஏற்பாடு இருந்தது. ராணுவம், அரசுத் துறை தவிர யாரும் அதன் பக்கம் போனதாக நான் பார்க்கவில்லை. அப்புறம், சர்வரை நிர்வகித்தவன் என்ற முறையில் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பெஸ்ஸின் கணக்குக்கு எல்லா அஞ்சல்பெட்டிகளும் திறந்தே இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு என் கையில். உளவுத்துறைக்குப் பயந்தவர்கள் எங்கள் டிபார்ட்மென்ட்டுக்குப் பயப்படவில்லை.

அட்டாச்மென்டைத் திறந்து மாற்றும் அந்தச் சேவை இருக்கிறதே, ஓட்டையும் அங்கேதான் வந்தது. விஷமத்தனமாகச் செய்த ஒரு பிடிஎஃப்பை யாராவது அனுப்பி, பயனர் அதைப் போனில் திறந்தால், போனுக்கு ஒன்றும் ஆகாது. சர்வரில் வேறொருவரின் நிரல் ஓடிவிடும் அபாயம் இருந்தது. 2008, 2009 ஆண்டுகளில் இதற்காக ரிம் பலமுறை எச்சரிக்கையும் திருத்தமும் வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

எல்லா பிளாக்பெர்ரியும் பெஸ்ஸில் இல்லை என்பதும் முக்கியம். தனி ஆட்களுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் டெலிகாம் நிறுவனங்கள் விற்றது பிஐஎஸ் என்ற இணையச் சேவை. அதில் பெஸ்ஸின் அந்தச் சாவி ஏற்பாடு கிடையாது. பார்க்க ஒரே போன், ஒரே சிவப்பு விளக்கு, ஆனால் பூட்டு வேறு. அதேபோல் 'பின்' செய்தி என்று ஒன்று. ஒவ்வொரு போனுக்கும் எட்டு எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு, அந்த எண்ணுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம். மெயில் சர்வரைத் தொடாததால் இதுதான் ரகசியம் என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அந்தச் செய்திகளை உலகத்து எல்லா பிளாக்பெர்ரிகளுக்கும் பொதுவான ஒரே சாவியால்தான் பூட்டினார்கள். ஊர் முழுக்க ஒரே சாவி என்றால் அது பூட்டா? கனடாவின் தகவல் பாதுகாப்பு அமைப்பே தன் அரசு ஊழியர்களை இதைப் பற்றி எச்சரித்தது. கனடா காவல்துறையிடம் அந்தப் பொதுச் சாவி இருந்தது என்ற செய்தி 2016-இல் வெளியானது.

இந்த வேறுபாடு தெரிந்தால்தான் 2010-இல் நம் நாட்டில் நடந்த இழுபறி புரியும். மத்திய உள்துறை அமைச்சகம், ஆகஸ்ட் 31-க்குள் செய்திகளைப் பார்க்க வழி செய்து தராவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்றது. ஐக்கிய அரபு அமீரகமும் தடை செய்யப் போவதாக அதே மாதத்தில் அறிவித்தது. ரிம் சொன்ன பதில்: பெஸ் சாவி வாடிக்கையாளரிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லாததை எப்படித் தருவது? பலர் இதை சால்ஜாப்பு என்றார்கள். சர்வரைப் பார்த்தவர்களுக்கு அது நேர்மையான பதில் என்று தெரியும். கடைசியில் பிளாக்பெர்ரி மெசஞ்சர் என்ற அரட்டைச் சேவை போன்ற பொதுச் சேவைகளுக்கு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள், மும்பையில் சர்வரும் வந்தது. பெஸ் விஷயத்தில் ரிம் தன் நிலைப்பாட்டிலிருந்து இறங்கவில்லை. அமீரகத்தில் 2009-இல் நடந்ததையும் இங்கே நினைத்துப் பாருங்கள். எதிசலாத் நிறுவனம் 'செயல்திறன் மேம்பாடு' என்று சொல்லி வாடிக்கையாளர்களின் பிளாக்பெர்ரிகளுக்கு ஒரு மென்பொருளை அனுப்பியது. பேட்டரி மளமளவென்று தீரவே ஆட்கள் தோண்டிப் பார்த்தார்கள். மெயிலை நகலெடுத்து அனுப்பும் உளவு மென்பொருள் அது. ரிம்மே அதைக் கைகழுவி, நீக்கும் வழியையும் வெளியிட்டது. வழியில் பூட்டை உடைக்க முடியாதவர்கள், பூட்டு திறக்கும் இடத்தில், அதாவது போனுக்குள்ளேயே வந்து உட்காரப் பார்த்தார்கள். இன்றைய உளவு மென்பொருள்களும் அதே வழியைத்தான் பிடிக்கின்றன.

போன் தொலைந்தால் என்ன என்பதுதான் நிறுவனங்களின் அடுத்த கவலை. இதற்கு ஐடி பாலிசி என்ற கட்டுப்பாடுகள். பாஸ்வேர்டு கட்டாயம், இத்தனை நிமிடம் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள்ள வேண்டும், புது மென்பொருள் ஏற்றக் கூடாது என்று நூற்றுக்கணக்கான விதிகளை இருந்த இடத்திலிருந்தே எல்லாப் போன்களுக்கும் அனுப்பலாம். பயனர் மாற்ற முடியாது. கடைசி ஆயுதமாக, தொலைவிலிருந்தே போனைத் துடைத்துவிடும் கட்டளை.

அதை நான் முதன்முதலாகப் பயன்படுத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. விற்பனைப் பிரிவு அதிகாரி ஒருவர் ஆட்டோவில் போனை விட்டுவிட்டார். அலறியடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். டெண்டர் விலை எல்லாம் அதில் இருக்கிறதாம். "அழிச்சிடட்டுமா சார், திரும்ப வராது" என்று இரண்டு தடவை கேட்டேன். "அழிங்க அழிங்க" என்றார். அழுத்தினேன், போன் 'ஆகட்டும்' என்று பதிலும் அனுப்பியது. இருபது நிமிடத்தில் வரவேற்பறையிலிருந்து அழைப்பு. ஆட்டோக்காரர் போனோடு வந்து நிற்கிறார், பாவம், பெட்ரோலைச் செலவழித்துக்கொண்டு. பெட்டியிலிருந்து எடுத்த புதுப் போன் மாதிரி காலியாக இருந்தது அது. மறுபடி ஆக்டிவேட் செய்ததும் மெயில், காலண்டர், முகவரி எல்லாம் சர்வரிலிருந்து தானாகவே இறங்கி வந்துவிட்டது. போனில் மட்டுமே வைத்திருந்த பிரிக் பிரேக்கர் ஆட்டத்தின் அதிகபட்ச ஸ்கோர் மட்டும் போய்விட்டது. அதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையில் வைத்துப் பழகிய சுகத்தையும் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. வலது ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கிறதல்லவா, கட்டைவிரலால் உருட்டிப் பாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் மெல்லிய 'டிக்' உணர்வு வரும். அதையே உள்ளே அழுத்தினால் மெனு. திரையைப் பார்க்காமலே இரண்டு கட்டைவிரலால் டைப் செய்யலாம். ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்து. ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி. மெயில் முகவரி அடிக்கும்போது ஸ்பேஸ் தட்டினால் அதுவே முதலில் '@' போடும், அடுத்த முறை புள்ளி வைக்கும். மெயில் பட்டியலில் 'டி' தட்டினால் உச்சிக்குப் போகும், 'பி' தட்டினால் அடிக்கு, 'சி' தட்டினால் புது மெயில். இடுப்பு உறையில் ஒரு சின்னக் காந்தம். உள்ளே போட்டதும் போனுக்குத் தெரிந்து திரை அணைந்துவிடும், அதிர்வு மட்டும் வரும். இன்றைய கண்ணாடிப் பலகைகளில் எனக்கு இவ்வளவு வேகம் வரவில்லை. வயது காரணமாகவும் இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் பலமே அதன் பலவீனமும். உலகத்து பிளாக்பெர்ரி மெயிலெல்லாம் ஒரே கம்பெனியின் ரிலே மையங்கள் என்ற தொண்டைக்குழி வழியாகப் போனது. 2011 அக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்லோ நகர மையத்தில் ஒரு முக்கிய ஸ்விட்ச் பழுதானது, மாற்றாக வைத்திருந்ததும் கைகொடுக்கவில்லை. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று தொடங்கி அமெரிக்கா வரை மூன்று நாள் திணறல். எங்கள் சர்வரில் ஒரு குறையும் இல்லை, எல்லா விளக்கும் பச்சை, ஆனால் ஒரு மெயிலும் போகவில்லை. போனில் திட்டு வாங்கியது மட்டும் நாங்கள். அதற்குள் ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்து, நடுவில் யாருடைய ரிலேயும் இல்லாமலே எக்ஸ்சேஞ்ச் மெயில் நேராக வர ஆரம்பித்திருந்தது. பழைய பிளாக்பெர்ரி மென்பொருளுக்கான சேவைகளை 2022 ஜனவரி 4-ஆம் தேதி நிறுத்தினார்கள்.

ஆகவே உங்கள் 7230-இல் இனி மெயில் வராது. ஆனால் உள்ளே அப்பா எழுதிவைத்த குறிப்புகள், முகவரிகள், பழைய மெயில்கள் இன்னும் இருக்கக்கூடும். பேட்டரி செத்தாலும் அந்த நினைவகம் அழியாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போடவே வேண்டாம், வேறு வாங்கிப் போடுங்கள். சார்ஜருக்கு மினி-யுஎஸ்பி கேபிள் போதும். ஆன் ஆனதும் பாஸ்வேர்டு கேட்டால் நிதானம். பத்துத் தடவை தப்பானால் எல்லாவற்றையும் தானே அழித்துக்கொள்ளும், அலுவலகப் போன் என்றால் அந்த எண்ணிக்கையைக் குறைத்தும் வைத்திருக்கலாம். போனை அணைத்துப் போட்டால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் என்று நம்பாதீர்கள். நடுவில் ஒரு கட்டத்தில், கை தவறிப் பட்டதா என்று சோதிப்பதற்காக, 'பிளாக்பெர்ரி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்யச் சொல்லும். அந்த வாசகம் திரையில் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவிடம் போய்க் கேளுங்கள்.